பாரதப்புழைப் பள்ளத்தாக்கும் ஆட்சி எல்லைகளும்: சித்தூர் வட்டத்தை முன்வைத்து

ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒன்றின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் அவ்வாற்றின் கரைகளில் ஆண்ட அரசுகளின் வரலாற்றையே எழுதி அமைகின்றனர். ஆறு அங்கே பின்புலமாக நின்றுவிடுகிறது. பாரதப்புழை குறித்த எழுத்துகளும் இதற்கு விலக்கல்ல. சாமூதிரியின் வரலாற்றில் அது திருநாவாய் மாமாங்கத்தின் களம். மலையாள இலக்கிய வரலாற்றில் அது கவிஞர்களின் 'நிளா'. அவ்வாற்றின் தலைப்பகுதி இன்றைய தமிழ்நாட்டின் பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதிகளில் கிடக்கிறது என்னும் எளிய புவியியல் உண்மை இவ்விரு வரலாறுகளிலும் உரிய இடம் பெறவில்லை. பாரதப்புழையின் நீர் வடியும் நிலத்தையும், அந்நிலத்தின்மீது காலந்தோறும் வரையப்பட்ட ஆட்சி எல்லைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க இக்கட்டுரை முயல்கிறது. அவ்வாறு பார்க்கையில் இரண்டும் எவ்விடத்திலும் முழுமையாகப் பொருந்தவில்லை என்பது புலனாகும். அப்பொருந்தாமையின் முழுச் சுமையையும் ஏற்று நிற்பது சித்தூர் வட்டம். இங்குச் சித்தூர் என்பது கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள சித்தூரைக் குறிக்கும். ஆந்திர மாநிலத்துச் சித்தூரை அன்று. பெயரொற்றுமையால் மயங்குவார் உண்டாதலின் இதனை முதற்கண் கூறிவிடுதல் நன்று.

நிலமும் நீரும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்தில் ஓர் இடைவெளி உள்ளது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். கணவாய் என்றவுடன் இருபுறமும் மலை நெருங்கிய இடுக்கு வழியை எண்ணுவது தமிழ் மரபு. இதுவோ அகன்ற சமவெளி. கடல் மட்டத்துக்கு மேல் 140 மீட்டர் அளவில் கிடக்கும் இவ்வெளியில் மேற்கே பாயும் நீரையும் கிழக்கே பாயும் நீரையும் பிரிக்கும் மேடு எது என்பதை நடந்து செல்பவர் கண்ணால் அறிவது அரிது. நொய்யல் கிழக்கு நோக்கிச் சென்று காவிரியில் கலக்கிறது. அதற்குச் சற்றுத் தெற்கே ஆழியாறு வடமேற்கு நோக்கிச் சென்று அரபிக் கடலை நாடுகிறது. இவ்விரு நீரையும் பிரிக்கும் மேட்டினை இனி நீர்ப்பிரிமேடு எனக் குறிப்போம்.

பாரதப்புழையின் நீளம் 209 கிலோமீட்டர். அதன் வடிநிலப் பரப்பு 6,186 சதுர கிலோமீட்டர். இதில் 4,400 சதுர கிலோமீட்டர் கேரளத்திலும் 1,786 சதுர கிலோமீட்டர் தமிழ்நாட்டிலும் உள்ளன. அஃதாவது வடிநிலத்தில் நான்கில் ஒரு பங்கிற்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறது. காயத்ரிப்புழை, கண்ணாடிப்புழை, கல்பாத்திப்புழை, தூதப்புழை என்பன அதன் முதன்மையான துணையாறுகள். இவற்றுள் கண்ணாடிப்புழையே நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. ஆனைமலையில் தோன்றும் ஆழியாறு, ஆனைமலை ஊரையும் அம்பராம்பாளையத்தையும் கடந்து, பாலாற்றின் நீரையும் ஏற்று, மணக்கடவை அடுத்துக் கேரள எல்லைக்குள் நுழைகிறது. நுழைந்தபின் அதன் பெயர் மாறுகிறது. சித்தூரில் அது சித்தூர்ப்புழை; பக்தர்கள் வாயில் சோகநாசினி; பாலக்காட்டை நெருங்குகையில் கண்ணாடிப்புழை. துஞ்சத்து எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்ததாக மரபு கூறும் மடம் இந்தச் சோகநாசினியின் கரையில்தான் உள்ளது. மலையாள மொழியின் தந்தை எனப் போற்றப்படுபவர் தங்கிய கரையைத் தொட்டுச் செல்லும் நீர், பொள்ளாச்சி வட்டாரத்து வயல்களின் வடிநீர் என்பதை நினைவில் இருத்துதல் வேண்டும்.

மழையும் மண்ணும் இப்பள்ளத்தாக்கில் ஒரு சீராக இல்லை. மேற்கே ஒற்றப்பாலம், பட்டாம்பிப் பகுதிகள் தென்மேற்குப் பருவமழையை நிறையப் பெறும் நெல் நிலங்கள். கிழக்கே செல்லச் செல்ல மழை குறைகிறது. சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியான கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஆகிய ஊர்ப்பரப்புகள் மழை மறைவில் உள்ள கரிசல் நிலங்கள். பருத்தி, நிலக்கடலை, சோளம் என இங்கு விளைவன யாவும் கொங்குநாட்டுப் புன்செய்ப் பயிர்களே. கேரளத்தில் கரிசல் மண் காணப்படும் பகுதி இதுவென்றே புவியியல் நூல்கள் சுட்டும்.

ஊர்ப்பெயர்களும் இந்நிலமாற்றத்தைக் காட்டி நிற்கின்றன. மேற்கே -சேரி, -பறம்பு, -குறிச்சி என முடியும் பெயர்கள் மிகுதி. எல்லையை ஒட்டி -பதி, -புரம், -தாவளம் என முடிவன வருகின்றன. ஒழலப்பதி, எருத்தேம்பதி, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம், கோபாலபுரம், வேலந்தாவளம் என்பன சான்று. 'பதி' என்னும் ஈறு கோவை மாவட்ட மலையடிவாரத்துப் பழங்குடி ஊர்ப்பெயர்களிலும் பயில்வது. ஆனைமலைப் பக்கத்துச் சர்க்கார்பதி ஓர் எடுத்துக்காட்டு. 'தாவளம்' என்பது தங்குமிடத்தைக் குறிக்கும் சொல். வணிகச் சாத்துகள் பொதிமாடுகளை அவிழ்த்துத் தங்கிய இடமாக வேலந்தாவளம் இருந்திருத்தல் கூடும். இது கருத்தளவே, கல்வெட்டுச் சான்று கிடைத்தாலன்றி உறுதியாகக் கூறுதற்கில்லை.

நாடுகள்

இப்பள்ளத்தாக்கின் பழைய ஆட்சிப் பிரிவுகளை அறியக் கிடைக்கும் ஆவணங்களுள் தலையாயது பாஸ்கர இரவிவர்மன் வழங்கிய கொச்சி யூதர் செப்பேடு. ஏறத்தாழ கி.பி. 1000ஆம் ஆண்டினதாகக் கொள்ளப்படும் இச்செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. இசுப்பு இரப்பான் என்னும் யூத வணிகர் தலைவருக்கு வழங்கிய உரிமைகளைக் கூறும் இதன் இறுதியில் நாடுடையார் சிலர் சான்றாளராக வருகின்றனர். வேணாடு, வேணபலிநாடு, ஏறாளநாடு, வள்ளுவநாடு, நெடும்புறையூர்நாடு என்பன அங்கே வரும் நாடுகள். இவற்றுள் நெடும்புறையூர்நாடே பிற்காலப் பாலக்காட்டு அரசாக வளர்ந்தது. வள்ளுவநாடு தூதப்புழைப் பக்கம். ஏறாளநாட்டு உடையவர்களின் வழியினரே பின்னாளில் சாமூதிரிகளாகிப் பொன்னானியைக் கைக்கொண்டனர். அக்காலத்தே இப்பள்ளத்தாக்கு மூன்று நாடுகளின் கையில் இருந்தது அல்லது இருக்கப்போகிறது என்பதை ஒரே செப்பேட்டில் காண முடிகிறது.

அச்செப்பேட்டின் சான்றாளர் வரிசையில் ஆழியாற்றுத் தலைப்பகுதிக்கு உரியவர் எவரும் இல்லை. அப்பகுதி கொங்கின் இருபத்துநான்கு நாடுகளுள் ஆனைமலைநாடு, காவடிக்காநாடு என்னும் பெயர்களால் வழங்கியது. எனவே வடிநிலத்தின் தலை கொங்கிலும் உடல் சேரநாட்டிலும் கிடந்த நிலை 1956இல் தோன்றியதன்று. ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது. எல்லைக்கோடு நீர்ப்பிரிமேட்டில் நில்லாமல் அதற்கு மேற்கே, தாழ்ந்த வெளியில், நின்றது. கணவாய் நிலம் எதிர்ப்பின்றி நடக்கத்தக்க சமவெளியாதலின் அங்கே எல்லை என்பது கோடாக இல்லாமல் வலிமைக்கேற்ப நகரும் வெளியாகவே இருந்திருக்கும். சித்தூர் பகவதி கோயிலில் கும்பத் திங்களில் நிகழும் கொங்கன்படை விழா, கொங்கு அரசன் ஒருவனின் படையெடுப்பையும் அவன் தோல்வியையும் நடித்துக் காட்டுவது. அப்படையெடுப்புக்கு ஆண்டு குறிக்க இயலாது. எனினும் கிழக்கிலிருந்து படை வரும் என்னும் அச்சம் ஓர் ஊரின் ஆண்டு விழாவாகவே நிலைத்துவிட்டமை எல்லைநிலத்தின் இயல்பை உணர்த்துவது.

படை மட்டும் வரவில்லை. கல்பாத்தி விசுவநாதர் கோயில் 1425இல் எழுந்தது என்பது வழக்கு. அதனைச் சூழ்ந்தும் பாலக்காடு, சித்தூர்ப் பகுதிகளில் பரவியும் அமைந்த தமிழ்ப் பிராமணர் கிராமங்கள், நெசவாளர் குடியிருப்புகள், எண்ணெய், துணி, கால்நடை வணிகம் ஆகியன கணவாய் வழியே வந்தவை. படைவழி, குடிவழி, வணிகவழி மூன்றும் ஒன்றாயிருந்த இந்நிலத்தைப் பண்பாட்டு எல்லை என்று மட்டும் குறிப்பது போதாது.

மைசூர், கும்பினி, கொச்சி

பதினெட்டாம் நூற்றாண்டில் எல்லை விரைந்து மாறியது. சாமூதிரியின் நெருக்குதலுக்கு ஆற்றாத பாலக்காட்டு அரசர் 1757இல் திண்டுக்கல் பௌஜ்தாராக இருந்த ஐதரலியின் துணையை நாடினார். ஐதரின் மைத்துனர் மக்தூம் அலி படையுடன் வந்து கடற்கரை வரை சென்றார். சாமூதிரி 12 இலட்சம் ரூபாய் தர ஒப்பினார், தரவில்லை. அந்தக் கடனே 1766இல் ஐதர் மலபாரை வென்றதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. பாலக்காட்டுக் கோட்டையும் அவ்வாண்டில் எழுந்ததே. அதன்பின் அக்கோட்டை கைமாறிய வரலாறு நீண்டது: 1783இல் புல்லர்ட்டன் பிடித்தார், பின் கைவிடப்பட்டது, 1790இல் ஸ்டூவர்ட் மீண்டும் பிடித்தார். இவ்விவரங்களைப் போர் வரலாற்று நூல்கள் விரிவாகவே தருதலின் இங்கு நீட்ட வேண்டுவதில்லை.

நம் நோக்கிற்கு முதன்மையானவை 1792 முதல் 1799 வரையிலான ஏழு ஆண்டுகள். 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் மலபார் கும்பினியாரிடம் வந்து பம்பாய் அரசின்கீழ் அமைந்தது. கோயம்புத்தூர்ச் சீமை திப்புவிடமே இருந்தது. கொச்சி அரசோ 1791 உடன்படிக்கையால் கும்பினிக்குத் திறை செலுத்தும் அரசாகியிருந்தது. அதனால் ஆழியாற்றில் ஓடிய அதே நீர், பொள்ளாச்சியில் மைசூர் நாட்டுக்கும், சித்தூரில் கொச்சி நாட்டுக்கும், பாலக்காட்டில் பம்பாய் அரசுக்கும் உரியதாயிற்று. ஒரு துணையாறு 50 கிலோமீட்டர் தொலைவிற்குள் மூன்று இறைமைகளைக் கடந்த காலம் அது. 1799இல் திப்பு வீழ்ந்ததும் கோயம்புத்தூரும் கும்பினியாரைச் சேர்ந்தது. 1800இல் மலபார் பம்பாயிலிருந்து சென்னை அரசுக்கு மாற்றப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் பிரான்சிஸ் புக்கானன் கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டு வழியே மலபாருக்குள் சென்றபோது அவர் கடந்தது மாவட்ட எல்லை மட்டுமே. ஓராண்டு முன்னர் அதுவே இரு வேறு அரசுகளின் எல்லை.

1800 முதல் 1956 வரை ஆழியாற்றுத் தலையும் பொன்னானி முகத்துவாரமும் ஒரே மாகாணத்தில் இருந்தன. இக்காலத்தை இப்பள்ளத்தாக்கின் ஒருமைக்காலம் எனக் கூறத் தோன்றும். 1861-62இல் சென்னை இருப்புப்பாதை திரூரிலிருந்து குற்றிப்புறம், பட்டாம்பி, பாலக்காடு வழியே போத்தனூரை எட்டியதும் அதனை வலியுறுத்துவது போலவே உள்ளது. ஆனால் இடையில் சித்தூர் இருந்தது.

தனித்துக் கிடந்த வட்டம்

கொச்சி அரசு தொடர்ச்சியான ஒரே நிலமாக இருக்கவில்லை. கடலையொட்டிய பெரும்பகுதி ஒன்று. அதனின்றும் பிரிந்து உள்நாட்டில் கிடந்த சிறுபகுதி மற்றொன்று. சித்தூர் வட்டத்தின் பெரும்பகுதி இச்சிறுபகுதியே. அதனைச் சுற்றிலும் மலபாரும் கோயம்புத்தூரும் ஆகிய சென்னை மாகாண மாவட்டங்கள் இருந்தன. கொச்சி 1762இல் பாலியத்துக் கோமி அச்சன் காலத்தில் கோவிலகத்தும்வாதுக்கல் என்னும் பிரிவுகளாக ஒழுங்குபடுத்தப்பட்டது. அவையே பின்னர் தாலுகாக்களாயின. தலைநகரிலிருந்து பிரிந்து கிடந்தமையால் சித்தூருக்குச் செல்லும் கொச்சி அலுவலர் அயலரசின் நிலத்தைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது.

பள்ளத்தாக்கின் நடுப்பகுதியிலும் கொச்சி அரசு ஆற்றைத் தொட்டது. ஆனால் வேறு முறையில். சொறணூரில் வடகரை மலபாரின் வள்ளுவநாட்டு வட்டம், தென்கரை கொச்சியின் தலப்பிள்ளி வட்டம். அங்கே ஆறே எல்லை. 1902இல் சொறணூரிலிருந்து எறணாகுளத்துக்கு இருப்புப்பாதை அமைத்தபோது கொச்சி அரசு பாரதப்புழையைப் பாலத்தால் கடந்துதான் சென்னை இருப்புப்பாதையுடன் இணைய முடிந்தது. ஓர் ஆறு ஓரிடத்தில் எல்லையாகவும் வேறோரிடத்தில் எல்லையை வெட்டிச் செல்வதாகவும் இருத்தல், எல்லை வகுத்தோர் ஆற்றைக் கருத்திற்கொண்டு வகுக்கவில்லை என்பதற்குப் போதிய சான்று.

நிலவுரிமைச் சட்டங்களும் பிளவுண்டன. பாலக்காட்டு உழவருக்கு 1930ஆம் ஆண்டின் மலபார் குடியாண்மைச் சட்டம். சித்தூர் உழவருக்குக் கொச்சி அரசின் வேறு சட்டங்கள். எல்லைக்கு அப்பால் பொள்ளாச்சி உழவருக்கு ரயத்துவாரி முறை. ஒரே ஆற்றின் நீரில் ஒரே பயிரை விளைவித்தோர் மூவகைக் குடிகளாயினர். சித்தூருக்கும் பாலக்காட்டுக்கும் இடையே இவ்வேறுபாட்டை முற்றிலும் நீக்கியது கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம்; அதன் குத்தகை ஒழிப்பு விதிகள் 1970 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தன.

1949இல் சித்தூர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்தது. அதே ஆண்டில் சென்னை அரசு பாலக்காட்டை அடுத்து மலம்புழை அணைக்கட்டுப் பணியைத் தொடங்கியது. 1955இல் அதனைத் திறந்துவைத்தவர் சென்னை முதல்வர் காமராசர். பாரதப்புழை வடிநிலத்தின் பெரிய அணைகளுள் ஒன்று தமிழ்நாட்டின் முன்னோடி அரசால் கட்டப்பெற்று, ஓராண்டில் கேரளத்துக்கு உரியதாயிற்று என்பது இன்று இருபக்கத்தாரும் அதிகம் நினைவுகூராத செய்தி.

மாநிலச் சீரமைப்பின்போது சித்தூர் தமிழர் தரப்புக் கோரிக்கைகளிலும் இடம்பெற்றது. ஆயின் கிளர்ச்சியின் வேகமெல்லாம் தெற்கே தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களையும், மலைப்பகுதியில் தேவிகுளம், பீருமேடு வட்டங்களையும் சுற்றியே நின்றது. சித்தூர் வட்டத்தின் மேற்கே மலையாளமும் கிழக்கே தமிழும் வழங்கின. வட்டமே பெரும்பாலும் அலகாகக் கொள்ளப்பட்டதால் கிழக்குக் கரிசல் ஊர்களின் மொழி தனித்து எண்ணப்படவில்லை. 1956 நவம்பர் முதல் நாள் சித்தூர் கேரளத்தில் அமைந்தது. 1957 சனவரி முதல் நாள் மலபார் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது பாலக்காடு மாவட்டத்துடன் அது சேர்க்கப்பட்டது. கொச்சியின் தனித்த துண்டு தன்னைச் சூழ்ந்த நிலத்தோடு ஆட்சி அளவில் இணைந்தது அன்றுதான். ஆனால் மேற்கு வேலி நீங்கிய அந்நேரத்தில் கிழக்கு வேலி மாநில எல்லையாக இறுகியது.

மணக்கடவு

இவ்விறுக்கத்தின் பொருள் அடுத்த பத்தாண்டுகளில் வெளிப்பட்டது. பறம்பிக்குளம்-ஆழியாறு திட்டம் ஆனைமலையின் மேற்கு நோக்கிய நீரைச் சுரங்கவழிகளால் கிழக்கே திருப்பிப் பொள்ளாச்சி, உடுமலைப் பகுதிகளின் வறண்ட நிலங்களுக்குப் பாய்ச்சுவது. பறம்பிக்குளம் அணை கேரள நிலத்தில் உள்ளது. அதனை இயக்குவது தமிழ்நாடு. இரு மாநிலங்களும் 1970 மே 29இல் கையொப்பமிட்ட உடன்படிக்கை 1958 நவம்பர் 9 முதல் செல்லும் என வகுக்கப்பட்டது. அதன்படி தமிழ்நாடு ஆண்டுதோறும் மணக்கடவு அணைக்கட்டில் 7.25 டி.எம்.சி. நீரைச் சித்தூர்ப்புழைக்கு விடுதல் வேண்டும்; சோலையாற்றில் கேரளத்தின் பங்கு 12.3 டி.எம்.சி. முப்பதாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யவும் இடமளிக்கப்பட்டது. முதல் மறுஆய்வு 1988இல் நிகழ்ந்திருக்க வேண்டியது. பேச்சுகள் நடந்தனவேயன்றி முடிவு எட்டப்படவில்லை.

நிர்வாக வரலாற்று நோக்கில் இவ்வுடன்படிக்கையின் சிறப்பு வேறு. ஆயிரம் ஆண்டுகளில் இவ்வாறு எந்த எல்லையாலும் கணக்கில் கொள்ளப்படவில்லை; முதன்முதலாக அளவுபடுத்தப்பட்டது மணக்கடவில்தான். சூலை முதல் நாள் தொடங்கி சூன் 30இல் முடியும் நீராண்டும் அதனுடன் வந்தது. மூலத்தறை ஒழுங்கியிலிருந்து பிரியும் கால்வாய்களின் கடைமடையில் இருப்போர் பெரும்பாலும் கரிசல் நிலத்துத் தமிழ் பேசும் உழவர்கள். தமிழ்நாடு தம் பங்கு நீரைத் தரவில்லை என்று கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் சாலைகளில் மறியலில் அமர்வோரும், மேலே தங்கள் பாசனத்துக்கு நீர் போதவில்லை என்று முறையிடும் ஆனைமலை, பொள்ளாச்சி உழவரும் ஒரே மொழியினர். பலவிடங்களில் உறவினரும் ஆவர். இதனைக் கேரள-தமிழ்நாடு வழக்கு எனத் தலைப்பிட்டுவிட்டால் அதனுள் இருக்கும் தலைமடை-கடைமடை வழக்கு மறைந்துபோகிறது. நீர் வழக்குகளில் மொழியைத் தேடுவோர் இங்கு ஏமாறுவர்.

ஆற்றுநீர் குறைந்தவிடத்து நிலத்தடி நீர் வழக்கானது. சித்தூர் வட்டத்துப் பெருமாட்டி ஊராட்சியில் பிளாச்சிமடை என்னும் சிற்றூரில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய பன்னாட்டுக் குளிர்பான ஆலையின் உரிமத்தை 2003இல் ஊராட்சி புதுப்பிக்க மறுத்தது. 2004இல் ஆலை மூடப்பட்டது. நிலத்தடி நீர் யாருடையது என்னும் வினாவை நீதிமன்றத்தின் முன் நிறுத்தியது மாநிலமோ மாவட்டமோ அன்று. ஆட்சி அடுக்கின் கடைசியில் இருந்த ஊராட்சியே.

எதிர்ப்பக்கத்துச் சான்று ஒன்றையும் கூறுதல் முறை. பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி, நீர்ப்பிரிமேட்டுக்கு அப்பால் கிடப்பது. அதன் பவானியும் சிறுவாணியும் கிழக்கே சென்று காவிரியில் கலப்பன. காவிரி நடுவர் மன்றம் 2007இல் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் 6 டி.எம்.சி. பவானி வடிநிலத்துக்கு உரியது. பொள்ளாச்சி மேற்கே வடிந்து கிழக்கே ஆளப்படுகிறது. அட்டப்பாடி கிழக்கே வடிந்து மேற்கே ஆளப்படுகிறது. பறம்பிக்குளமோ இன்னும் விந்தையானது. சித்தூர் வட்டத்து முதலமடை ஊராட்சியைச் சேர்ந்த அவ்வூருக்குக் கேரளத்திலிருந்து நேர்ச்சாலை இல்லை. பொள்ளாச்சிப் பக்கம் சேத்துமடை வழியே தமிழ்நாட்டைச் சுற்றித்தான் செல்ல வேண்டும். கொச்சி அலுவலர் அயல்நிலம் கடந்து சித்தூருக்குச் சென்ற பழைய நிலை இங்கே இன்னும் தொடர்கிறது.

இப்பள்ளத்தாக்கின் நிர்வாக வரலாற்றை முழுமையாக எழுத முற்படும் ஆய்வாளர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடும் இவ்வெல்லைகளின் விளைவே. சித்தூரின் கொச்சிக்கால ஆவணங்களுக்கு எறணாகுளம் வட்டார ஆவணக்காப்பகம். பாலக்காடு, வள்ளுவநாடு, பொன்னானி வட்டங்களுக்குக் கோழிக்கோடு வட்டார ஆவணக்காப்பகம். பொள்ளாச்சி, ஆனைமலைக்குச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகம். மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வேண்டும். பழைய ஓலைகளுக்கு வட்டெழுத்துப் பயிற்சியும் வேண்டும். 1947இல் தொடங்கப்பெற்ற சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை உள்ளது. கரிசல் ஊர்களின் கோயில் ஓலைகளையும், பழைய வாய்க்கால்களின் நீர்முறை பற்றிய வாய்மொழி வழக்குகளையும் தொகுக்கும் பணியை அங்கிருந்தே தொடங்குதல் கூடும். வாய்க்கால் நீரை முறைவைத்துப் பகிர்ந்த தலைமுறையினர் அருகி வருதலின் அப்பணி காலம் தாழ்த்தத் தக்கதன்று.